டீக்கனின் அமைதி

குதிரைப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, நல்ல நாற்காலி ஒன்று எடுத்துப் போங்கள் என்பதுதான். நான்கு நாள் போட்டியில் சேணத்தில் இருக்கும் நேரம் மொத்தமாக இரண்டு மணிகூடத் தேறாது. மீதி நேரமெல்லாம் லாயத்து வாசலில், மின்விசிறிக்கு எதிரே உட்கார்ந்திருப்பதுதான். லவோன் பிக்கர்டுக்கு அது சிரமமாக இல்லை. ஓக்லஹோமாவில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய பெண்மணி அவர்.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு குதிரை தூக்கி எறிந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. இனி ஏறவே கூடாது என்று மகள் கட்டளை போட்டிருந்தாள். ஏறியே தீருவேன் என்று குதிரைப் பயிற்சியாளனான என்னிடம் வந்தார். அவருக்காக டீக்கன் என்ற குதிரையைத் தேர்ந்தெடுத்ததும் பழக்கியதும் நான்தான்.

எங்கள் பிரிவில் வேகத்துக்கு வேலையில்லை. குதிரை தலையைத் தாழ்த்தி, கடிவாள வார் தளர்ந்து தொங்க, முதுகில் யாரோ தூங்குவதுபோல மெதுவாகப் போக வேண்டும். நடுவர் தேடுவது அமைதியைத்தான். வியாழக்கிழமை காலை ஒத்திகையில் ஒலிபெருக்கி கரகரத்ததும் டீக்கன் பக்கவாட்டில் துள்ளியது. லவோன் விழவில்லை. ஆனால் இறங்கியதும் கடிவாளத்தை என் கையில் திணித்தார்.

"வெண்டல் கண்ணா, என்னால ஆகாது. வண்டியில ஏத்து இவன. வீட்டுக்குப் போயிடலாம்."

"நாளைக்கு ஒருநாள் பாருங்க, மிஸ் லவோன். நான் பாத்துக்கறேன்."

அந்தக் குதிரைக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. விசாரணை நடத்தும் உங்களுடைய ஆய்வகத்திலும் மருந்து எதுவும் கிடைத்திருக்காது. கொடுத்தால்தான் சோதனையில் தெரியும். எடுத்தால் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை அவர் காப்பி வாங்கப் போயிருந்தபோது, கழுத்து நரம்பில் ஊசி வைத்து துள்ளத் தெம்பு இருக்காதபடி ஒரு தீவன வாளி இரத்தம் எடுத்தேன். குதிரைகளைக் கழுவும் இடத்தில் கொட்டிக் குழாயால் அடித்துவிட்டேன். டீக்கனுக்குப் பெரிய வலி ஒன்றும் இல்லை. காதை மட்டும் ஒருமுறை அசைத்தது.

அன்று அவருக்கு இரண்டாம் இடம். சனிக்கிழமை காலையும் ஒரு வாளி, முதலிடம். பக்கத்து லாயத்து ராய்ஸ் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, டீக்கன்னு சர்ச் ஊழியர் பேர வச்சதும் பக்தி வந்துடுச்சா? ஜெபத்துல நிக்கிற மாதிரில்ல நிக்கிறான்."

"உன் குதிரைக்கும் பேர மாத்து ராய்ஸ். அது ஆடுற ஆட்டத்துக்கு இப்ப இருக்குற பேரு பத்தாது," என்றார் லவோன். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ராய்ஸ் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"காதுகிட்டயே ஒலிபெருக்கி அலறுது, இவன் அசையலயே. என்னை நம்ப ஆரம்பிச்சிட்டான் வெண்டல், இல்ல?"

"ஆமா," என்றேன். செய்ததில் எனக்கு அதிகம் உறுத்துவது அந்தச் சொல்தான்.

டீக்கன் எதையும் மறைக்கவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தலை தொங்கியது, பயிற்சி என்றார்கள். கண் மங்கியது, நிதானம் என்று எழுதி நடுவர் மதிப்பெண் போட்டார். இருபது வருடம் குதிரையோடு வாழ்ந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்று. கடும் வெயில். பத்துக் குதிரைகளும் வரிசையில் நிற்க, முதலிடம் என்று லவோனின் பெயரை வாசித்தார்கள். அவர் குனிந்து டீக்கனின் கழுத்தைத் தட்டினார். அது முன்னங்கால்களை மெல்ல மடக்கி மண்டியிட்டது. வணக்கம் சொல்கிறது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. கைதட்டல் ஓயுமுன் அது பக்கவாட்டில் சாய்ந்து அவர்மேல் விழுந்தது.

நான் ஓடிப்போனபோது அவருக்கு நினைவிருந்தது. "அவன அடிச்சிடாத. வெயில் தாங்கல பாவம்," என்றார். குதிரை அங்கேயே செத்தது. அவர் செவ்வாய்க்கிழமை வரை உயிரோடு இருந்தார். வெயில்தான் காரணம் என்று அவர் மகளிடமும் சொன்னேன்.

குதிரை விழும் நிலையில் இருந்தது ஞாயிறு காலையே எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். டீக்கனின் உதட்டைத் தூக்கி ஈறில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தேன். அழுத்திய இடம் எது, அழுத்தாத இடம் எது என்று தெரியாத அளவுக்கு இரத்தம் இல்லாமல் வெளுத்திருந்தது. போட்டியிலிருந்து விலக்கியிருக்கலாம். ஏன் என்று லவோன் கேட்டிருப்பார். அவருடைய பாதுகாப்புதான் எனக்கு முக்கியம். அதனால் அன்றைக்குப் பாதி வாளிதான் எடுத்தேன்.