மூன்று பொன், ஒன்று வெள்ளி

அவையின் நடுநாயகமாக அமர்ந்து நம் கழகத்தைக் கட்டிக் காக்கும் தலைவர் ப்ரிசிலியானோ அவர்களே! தேவாலயப் பங்கு மண்டபத்தைப் பெருமனத்தோடு திறந்துவிட்ட பாதிரியார் அவர்களே! கண்ணாடி போட்டாலும் பசையை விரலில்தான் ஒட்டிக்கொள்வோம் என்று வாழும் மூத்த கலைஞர்களே! விடியலிலேயே எழுந்து சோள மாவில் தமாலே அவித்து, பச்சை மிளகாய்க் குழம்பு கொதிக்க வைத்து, அதன் மணத்தால் என் பேச்சுக்குப் போட்டியாக நிற்கும் தாய்மார்களே! தரையை உரசும் லோரைடர் கார்களைக் குட்டியாகச் செய்து மகிழும் எஸ்பஞோலா நகரத்துக் குலமே! உங்கள் அனைவருக்கும் சக்கர வியாபாரி எலாயின் பணிவான வணக்கம்.

சுருக்கமாகப் பேசச் சொல்லிப் பின்வரிசையில் ஒருவர் கை காட்டுகிறார். ஐயா, போன முறை நீங்கள் பேசியதைவிடச் சுருக்கமாகவே பேசுவேன், கவலை வேண்டாம்.

எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "குட்டி வண்டி வர்ற பெட்டிக்குள்ளயே நாலு பிளாஸ்டிக் சக்கரம் இருக்கு. அதத் தூக்கிப் போட்டுட்டு உங்கிட்ட எதுக்குய்யா கம்பிச் சக்கரம் வாங்கணும்?" நியாயமான கேள்வி. வண்டியோ உள்ளங்கையில் உட்காரும் வண்டி. சக்கரமோ சட்டைப் பொத்தான் அளவு. அந்தப் பொத்தானுக்குள் மயிரிழை மயிரிழையாகக் கம்பி கோத்து, மூச்சை அடக்கி, முதுகை வளைத்து, முழுக் குளிர்காலத்தையும் முடிக்கிறோமே, எதற்காக? இந்த வண்டி ஓடுமா? ஓடாது. ஊர்வலம் போகுமா? மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக்கூடப் போகாது! பின் எதற்காக?

போன வருடம் இதே மண்டபத்தில் நடந்த போட்டியில் எனக்குப் பதில் கிடைத்தது.

நம் தலைமை நடுவர் டெல்ஃபினோவை அறியாதவர் உண்டா? அதோ, தன்னைப் பற்றிப் பேச்சு வந்ததும் கூரையைப் பார்க்கிறார் பாருங்கள். பேச்சிலே கஞ்சர், மதிப்பெண்ணிலே மகா கஞ்சர். பெற்ற தாய் செய்த வண்டியாக இருந்தாலும் குறை கண்டால் குறைப்பவர். அவருடைய மனைவி ஒபீலியா ஒரு நாள் என் கடைக்கு வந்தாள். பொன் கம்பிச் சக்கரம் மூன்றும் வெள்ளிக் கம்பிச் சக்கரம் ஒன்றும் வேண்டும் என்றாள்.

சக்கரம் நான்கு நான்காகத்தான் வரும் என்றேன். இரண்டு பெட்டியும் கொடு என்றாள். அப்படி ஒட்டினால் உன் புருஷனே மதிப்பெண்ணை அறுத்துவிடுவான் என்று எச்சரித்தேன். அப்போதுதான் மனத்தைத் திறந்தாள்.

டெல்ஃபினோ இளைஞனாக இருந்தபோது மாதுளை நிறத்தில் ஓர் இம்பாலா கார் வைத்திருந்தார். நிஜ வண்டி, நான்கும் பொன் சக்கரம். கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி நெளிந்துவிட்டது. தம்பியின் வண்டியிலிருந்து ஒரு வெள்ளிச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டுதான் தேவாலயத்துக்கு வந்தார். "என் சக்கரத்துக்கும் சேத்து இன்னிக்குக் கல்யாணம்" என்று விருந்தில் தம்பி கேலி செய்ததால் மணப்பெண்ணுக்கும் அது தெரிந்தது. மூத்த மகள் பிறந்ததும் அந்த வண்டி விலைபோனது. அதன்பின் அதைப் பற்றி மனிதர் வீட்டில் வாய் திறக்கவே இல்லை.

"அவருக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கான்னு எனக்குத் தெரியணும் எலாய்" என்றாள். "இந்த வண்டியப் பாத்தும் தெரியலன்னா, எடுத்துப் பெட்டியில போட்டுட்டுப் போயிடுவேன். யாரு செஞ்சதுன்னும் சொல்ல மாட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இரண்டு பெட்டியையும் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த இம்பாலாவைத் துணி துவைக்கும் அறையில் ஒளித்து வைத்துக் குட்டியாகச் செய்து முடித்தாள். கல்யாணப் புகைப்படத்தில் அவள் ஏறிய வலது பக்கம் தெரிகிறது. முன் சக்கரம் பொன். பின் சக்கரத்தைக் குழந்தைகளின் பாவாடை மறைத்திருக்கிறது. ஆகவே, மறைந்திருப்பதுதான் வெள்ளி என்று முடிவு செய்து வலது பின்புறம் ஒட்டினாள்.

நம் விதி தெரியுமல்லவா? வண்டிக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. செய்தவர்கள் கயிற்றுக்கு அப்பால் நிற்க வேண்டும். டெல்ஃபினோ வந்தார். குனிந்தார். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டார்!

ஐயோ, அந்த நேரத்தில் ஒபீலியாவின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. ஆனாலும் அவள் ஓடவில்லை. காரணம் கேட்கும் உரிமை நம் கழகத்தில் எவருக்கும் உண்டு. நடுவர் சபையறியச் சொல்லியாக வேண்டும். அவள் கை தூக்கினாள்.

"ஜட்ஜ் ஐயா, அந்த வண்டிக்கு எதுக்கு மார்க்கு கொறச்சீங்க?"

திரும்பிப் பார்த்தார். கை தூக்கியது யார் என்று கண்டார்.

"ஒரு சக்கரம் வெள்ளியா இருக்குன்னு கொறைக்கலம்மா. அது இருக்க வேண்டிய எடத்துல இல்ல. இடது பக்கம், முன்னால இருக்கணும்."

"எப்படித் தெரியும்?"

"நாந்தான மாட்டுனேன். வலது பக்கம் நீ ஏறுற பக்கம். ஒன் கண்ணுல பொன்னுதான் படணும்னு, வெள்ளிய, ஸ்டியரிங் இருக்குற என் பக்கம் போட்டுக்கிட்டேன்."

அன்பர்களே! கரண்டி பிடித்த தாய்மார் கரண்டியை வைத்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் வெட்கம் இல்லை. எதற்காகக் கம்பிச் சக்கரம் என்று கேட்டீர்களே! ஊருக்குப் பொன்னைக் காட்டி, உறவுக்குப் பொன்னைக் காட்டி, உடன் வருபவளுக்கும் பொன்னைக் காட்டி, ஓட்டை உடைசலைத் தன் பக்கம் போட்டுக்கொண்டானே ஒருவன், அதைச் சொல்லப் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக்கால் முடியுமா? முடியுமா என்று கேட்கிறேன்!

குறைத்த மதிப்பெண்ணை அவர் திருப்பித் தரவில்லை. ஒபீலியாவுக்குப் பரிசும் இல்லை.

இந்த வருடமும் அந்த வண்டி வந்திருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தேன். வெள்ளி இன்னும் வலது பின்புறமே இருக்கிறது. சரியான இடத்தில் மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். ஒபீலியா என் இடுக்கியைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

"தொடாத எலாய். தப்பாவே இருக்கட்டும். அப்பத்தான் வருஷா வருஷம் கொறைப்பாரு, நான் ஏன்னு கேப்பேன், அவரு எல்லார் முன்னாலயும் சொல்லியாகணும்."

நடுவர் பென்சிலைச் சீவத் தொடங்கிவிட்டார். செவி கொடுத்த சபைக்கு நன்றி, சமைத்த கைகளுக்கு நன்றி. எல்லோரும் கயிற்றருகே வந்து நில்லுங்கள், அந்த அம்மாள் கை தூக்கப்போகிறாள். வணக்கம்!