பெட்டிக்குள் ஒன்பது நிமிடம்

கழுத்துவலி உள்ளவர்களுக்குப் பஞ்சுத் தலையணை சரிப்படாது. படுத்த சற்று நேரத்தில் அமுங்கிச் சூடாகிவிடும். சொபா தானியத்தின் உமி அடைத்த தலையணை அப்படியில்லை. தலைக்குத் தக்கபடி விலகிக் கொடுக்கும், கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். முப்பது வருடமாக நான் அதில்தான் தூங்குகிறேன். உங்கள் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும், ஐயா. அதனால் பெட்டிக்குள் நான் வைத்தது ஏதோ விசித்திரமான பொருள் என்று தயவுசெய்து எழுதிக்கொள்ளாதீர்கள்.

பெயர் சுவா தொமொயே. வயது ஐம்பது. நாடகக் குழுவில் என் வேலை எழுத்து. அதாவது, திரைக்கு அடியில் ஓடும் ஆங்கில வரிகளை எழுதியதும் நான்தான், காட்சி நேரத்தில் பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாக ஓடவிடுவதும் நான்தான். நீங்கள் நாடகத்தைப் பார்த்ததில்லை என்று சொன்னீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கியோட்டோக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை. ஃபுஷிமியில் பழைய சாராயக் கிடங்கு ஒன்றில், மதியம் மூன்று மணிக்கு, முதுகுப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்காகவே நடக்கிற நாடகம் அது.

கதை சின்னதுதான். பனிக்காலத்தில் ஒரு பெண், ஊரிலிருந்து திரும்பும் கணவனை விளையாட்டாக ஏமாற்ற நினைத்துத் துணிப்பெட்டிக்குள் ஒளிந்துகொள்கிறாள். மூடி விழுந்து தாழ்ப்பாள் மாட்டிக்கொள்கிறது. கணவன் வருகிறான். மனைவியைக் காணவில்லையே என்று அதே பெட்டியின்மேல் உட்கார்ந்து காத்திருக்கிறான். மேடையில் நீங்கள் பார்ப்பது அவனையும் மூடிய பெட்டியையும் மட்டும். பின்னால் தொங்கும் திரையில் பெட்டியின் உள்பக்கம் சினிமாவாக ஓடும். இருட்டில் ஒரு பெண்ணின் முகம், ஒன்பது நிமிடம். படத்துக்குச் சத்தம் கிடையாது, குரல் மேடைப் பெட்டிக்குள்ளிருந்துதான் வரும். அதன்பின் அவன் எழுந்து மூடியைத் திறந்தால் உள்ளே காகிதப் பனி மட்டும் இருக்கும். திரையில் அவள் வெறுங்காலோடு பனிவெளியில் நடந்து போய்க்கொண்டிருப்பாள்.

திரையில் தெரியும் அந்த முகம் என்னுடையது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நீகாதாவில் ஒரு ஜனவரியில் எடுத்தது. எங்கள் குழுத் தலைவர் குசுஹாராதான் எழுதி இயக்கினார். அப்போது நானும் அவரும் ஒரே வீட்டில் இருந்தோம். வெறுங்காலோடு பதினொரு தடவை நடக்கவிட்டார். இரண்டு கால்விரல் நகங்கள் போய்விட்டன, பிறகு ஒழுங்காக வளரவேயில்லை. அந்த நடையைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், அதை யாரும் நடித்துக் காட்ட முடியாது.

மேடையிலும் நான்தான் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தேன். பதினைந்து வருடம் முழங்காலை மடக்கியதில் முட்டி தேய்ந்துவிட்டது. நான்கு வருடத்துக்கு முன்னால் சிகுசா வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. நல்ல பெண். கெட்டவள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் எழுத்து வேலை என் தலையில் விழுந்தது.

அவள் வந்த மாதமே ஒரு பெல்ஜியக்காரி காட்சி முடிந்ததும் குசுஹாராவை நிறுத்தி, திரையில் வேறு முகமாக இருக்கிறதே, யார் அந்தப் பெண் என்று கேட்டாள். படம் எடுத்த அதே குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள் என்றார் குசுஹாரா. அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். நான் இரண்டடி தள்ளி வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் அதைத் துண்டறிக்கையிலும் போட வேண்டும் என்றார். மொழிபெயர்க்க வேண்டியவள் நான்.

"எந்த வியாதியில செத்தேன்னு போடட்டும்?" என்று கேட்டேன்.

"வியாதியெல்லாம் வேணாம். பனியிலன்னு போடு. அதான் பொருத்தமா இருக்கும்" என்றார்.

போட்டேன். உங்கள் கோப்பில் ஒரு பிரதி இருக்கிறது, பாருங்கள். இரண்டே வரி, ஒரு சொல் அதிகமில்லை. நான் எழுதியதிலேயே நல்ல ஆங்கிலம் அதுதான்.

அன்றிலிருந்து காட்சி முடிந்ததும் எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று குனிந்து வணங்கி வழியனுப்புவார்கள். நான் மட்டும் என் தடுப்பறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு, கடைசி ஆள் போகும்வரை இருக்க வேண்டும். யாராவது முகத்தை அடையாளம் கண்டுகொண்டால் நாடகம் கெட்டுவிடும் அல்லவா.

கோபம் வரவில்லையா என்று நேற்றுக் கேட்டீர்கள். வந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், நீங்கள் நம்ப வேண்டும். செத்தவளாக இருப்பதில் ஒரு சுகம் உண்டு. உயிரோடு இருந்தபோது எனக்கு யாரும் பூ கொடுத்ததில்லை. இப்போது திரைக்குக் கீழே பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து கடிதம் எழுதினார், பனி பெய்யும்போதெல்லாம் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன் என்று. பூக்களை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் ஜாடியில் வைத்துக்கொள்வேன். அந்த முகம் திரையில் இருக்கும்வரை எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் எல்லோரும் உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சிகுசாவுக்கு சொபா ஆகாது என்பதால் குழுவில் எப்போதும் கோதுமை உடோன்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் ஒரு வாய் சொபா போய், மூச்சு நின்று, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டதாம். உமித் தூசி பட்டாலே தொண்டை வீங்கிவிடும் என்பாள். அப்போதுதான் குசுஹாரா அறிவித்தார். வெளிநாட்டு நாடக விழாவுக்குத் தேர்வு செய்கிறவர்கள் வருகிறார்கள். பழைய படம் கீறல் விழுந்து மங்கிவிட்டது. பிப்ரவரியில் சிகுசாவை வைத்துப் புதிதாக எடுத்துவிடலாம். மேடையிலும் திரையிலும் ஒரே முகம், வருகிறவர்களுக்குக் குழப்பமில்லை.

"பழசை என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"தூக்கிப் போட வேண்டியதுதான். நீதான் ஏற்கெனவே செத்துட்டியே, தொமொயே. உனக்கென்ன" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிகுசா மட்டும் சிரிக்கவில்லை, கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய படமே இருக்கட்டும் என்று அவள் குசுஹாராவிடம் இரண்டு தடவை மன்றாடியதாக, கணவனாக நடிக்கும் இவாகிரி பின்னால் என்னிடம் சொன்னான். சம்பவத்துக்கு முதல்நாளே சொன்னான். அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் என்மேல் இரக்கப்படுவது எனக்குப் பிடிக்காது.

இனி பெட்டிக்கு வருவோம். இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள்.

சிகுசா முதல் காட்சியிலேயே பெட்டிக்குள் வசனத்தை மறந்துவிட்டாள். அழுதாள். குசுஹாரா அவளைத் தட்டிக்கொடுத்து, "வசனம் எதுக்கும்மா? அவங்க தொமொயே எழுத்தத்தானே படிக்கப் போறாங்க. வாய்க்கு வந்ததச் சொல்லிக் கதறு, போதும்" என்றார். அதுவே வழக்கமாகிவிட்டது. நெஞ்சைப் பிழியும் குரலில் அவள் பேருந்து நேரம் சொல்வாள். இவாகிரியின் காலுறை நாற்றம் பற்றி ஓலமிடுவாள். "இவாகிரி அண்ணே, குண்டாயிட்டீங்க, மூடி வளையுது, கொஞ்சம் எந்திரிங்கண்ணே" என்று அவள் ஒருநாள் கதறியபோது முன்வரிசையில் ஒரு ஜெர்மன் கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். திரையில் என் முகம் இருந்தது, கீழே என் வரிகள் ஓடின. அவர் அழுதது அதற்குத்தான். மேலே உட்கார்ந்திருக்கும் இவாகிரி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்வான். அவள் உள்ளிருந்து தட்டினால், இவன் குதிகாலால் திருப்பித் தட்டுவான். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

பெட்டியின் பின்பலகை வெளியிலிருந்துதான் திறக்கும். திரையில் பனிவெளி வந்ததும் கறுப்புடை அணிந்த உதவியாளர் ஒருவர் அதை விலக்குவார், அவள் நழுவிப் போய்விடுவாள். அதுவரை உள்ளேதான் படுத்திருக்க வேண்டும். தலைக்கு ஒரு சின்னப் பஞ்சுத் தலையணை இருந்தது. வியர்வையில் நாறிப்போயிருந்தது. அதை மாற்றினேன். நல்ல எண்ணத்தில் மாற்றியதாகத்தான் முதல்நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய்யில்லை, நாற்றம் உண்மைதான்.

கடைச் சீட்டில் பன்னிரண்டு நாள் முந்தைய தேதி இருப்பதைக் காட்டினீர்கள். ஆமாம், முன்கூட்டியே வாங்கினேன். மூலையில் நாலு தையலையும் பிரித்தேன். அவள் தலைவைத்ததும் தூசி வெளியே வர வேண்டுமே. பழைய உறையையே மேலே போட்டதால் இருட்டில் அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சனிக்கிழமை. தேர்வுக்காரர்கள் மூன்று பேர் நடுவரிசையில் இருந்தார்கள். அறுபது இருக்கைகளும் நிரம்பியிருந்தன. குசுஹாரா பதற்றத்தில் என் தடுப்பறைக்கு வந்து என் தோளருகே நின்றுகொண்டார். இவாகிரி பெட்டியின்மேல் உட்கார்ந்தான். திரையில் என் முகம் வந்தது. முதல் பொத்தானை அழுத்தினேன்.

முதல் இரண்டு நிமிடம் அவள் வழக்கம்போல வேடிக்கைதான் பண்ணினாள். முந்தின நாள் சாப்பிட்ட கறி காரம் என்று புலம்பினாள். பிறகு இருமினாள்.

"இது என்ன தலையணை? யாரு மாத்துனது?" என்றாள். திரையில் நான் எழுதியது: இன்றிரவு பனி எவ்வளவு மெதுவாக விழுகிறது.

"சொபா. இதுல சொபா இருக்கு. தொறங்க." திரையில்: என் கணவர் வந்துவிட்டார், அவருடைய காலடி எனக்குத் தெரியும்.

பக்கத்தில் தாளம் தட்டும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சொபா என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவளுடைய சொபாக் கதையை வைத்து நாங்கள் நான்கு வருடமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தோம். அவள் படபடவென்று தட்டினாள். இவாகிரி குதிகாலால் மூன்று தடவை திருப்பித் தட்டினான். பாவம், உங்கள் அறையில் அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுததாகக் கேள்விப்பட்டேன்.

"இவாகிரி அண்ணே, விளையாட்டு இல்லண்ணே, நெசமா" என்றாள். அதையும்தான் அவள் பலதடவை விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள்.

குசுஹாரா என் காதருகே குனிந்து, "இன்னிக்கு உசுரக் குடுத்து நடிக்கிறா பாரு" என்றார். அவர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அந்தக் கிடங்கில் அவளைத் தவிர நம் மொழி தெரிந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஒருவரும் நகரவில்லை. என்னை மட்டும் இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள், பரவாயில்லை.

அந்த ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். அலர்ஜி வந்தால் தொடையில் குத்திக்கொள்ள அவள் ஒன்று வைத்திருப்பாள், தடித்த பேனா மாதிரி இருக்கும். மேடை உடையில் பையில்லை. அதனால் காட்சி நேரத்தில் அதை என்னிடம்தான் கொடுத்துவைப்பாள். "அக்காகிட்ட இருந்தா எனக்குப் பயமில்ல" என்பாள். வழக்கமாக மேசை இழுப்பறையில் வைப்பேன். அன்று மடியில் வைத்திருந்தேன்.

ஐந்தாவது நிமிடத்துக்குமேல் குரல் மெலிந்துவிட்டது. நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அந்தக் கூட்டத்தில் அவள் சொன்னதை உண்மையில் கவனித்துக் கேட்டவள் நான் ஒருத்திதான், இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். "தொமொயே அக்கா" என்றாள். "ஊசி. அக்கா, ஊசியக் கொண்டாங்க. அக்கா." அப்புறம் நகத்தால் பலகையைக் கீறும் சத்தம் வந்தது, பிறகு அதுவும் இல்லை.

வலது கையில் பொத்தான், இடது கையில் ஊசி. மேடைக்குப் பன்னிரண்டு எட்டு. என் முட்டிக்கு அது ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் வரிகளை விட்டுவிட்டு நான் எழுந்து போனால் திரையில் முகம் மட்டும் அர்த்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருக்கும். தேர்வுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது என்னுடைய கடைசிக் காட்சிகளில் ஒன்று. முப்பத்தெட்டு வரிகளில் ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை.

பனிவெளி வந்தது. உதவியாளர் பின்பலகையை விலக்கினார், யாரும் வெளியே வரவில்லை. இவாகிரி எழுந்து மூடியைத் திறந்தான். உள்ளே பார்த்தான். அப்படியே மண்டியிட்டுவிட்டான். காகிதப் பனிக்கு நடுவே அவள் கிடந்தாள், முகம் வீங்கி ஆளே மாறிப்போயிருந்தாள். பெட்டி காலியாக இருக்க வேண்டும் என்பது வந்திருந்தவர்களுக்குத் தெரியாதே. இதுதான் முடிவு என்று நினைத்தார்கள். திரையில் நான் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். அறுபது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், நிறுத்தவேயில்லை. அப்படி ஒரு கைதட்டல் எனக்குக் கிடைத்ததே இல்லை.

ஆக, நீங்கள் எழுதிவைத்திருப்பதெல்லாம் சரி. தலையணையை வைத்தது நான், தையலைப் பிரித்தது நான், ஊசியை மடியில் வைத்துக்கொண்டு எழாமல் இருந்ததும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். அவள் கூப்பிட்டபோது நான் பதிலே சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. அவள் கடைசியாக அக்கா என்றபோது என் விரலுக்கடியில் இருந்தது முப்பத்தொன்றாவது வரி, கணவனுடைய வரி: எங்கிருந்தாலும் கூப்பிடு, எனக்குக் கேட்கும். நான் அதைச் சரியான நேரத்தில் அழுத்தினேன். பெட்டிக்குள்ளிருந்து அவளால் அதைப் படிக்க முடிந்திருக்காது என்பதில் மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.