இடது முழங்காலில் குறை இல்லை

பெயர் சண்முகசுந்தரம், வயது 63, தகப்பனார் பெயர் மாடசாமி. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். நெய்வேலி சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, தற்போது பக்கத்து ஊரான வடக்குத்தில் சொந்த வீட்டில் மனைவி தனபாக்கியத்துடன் குடியிருந்து வருகிறேன். வலது மணிக்கட்டு முறிந்து மருத்துவமனையில் படுத்திருக்கும் என்னை உதவி ஆய்வாளர் நேரில் வந்து விசாரிக்க, சுயநினைவோடு சொல்வதாவது:

நான் வேலையிலிருந்த காலத்தில் கூடைப்பந்து ஆடியவன். ஓய்வுக்குப் பிறகு, சென்னையிலுள்ள ஒரு தனியார் தொழில்முறை அணிக்காக இந்தப் பக்கத்து இளம் ஆட்டக்காரர்களை மூன்று ஆட்டம் பார்த்து மதிப்பீடு அனுப்பி வந்தேன். ஆட்டத்தின்போது பென்சிலால் நோட்டில் குறித்துக்கொண்டு, பிறகு அணியின் படிவத்தைச் செல்போனில் நிரப்புவேன். இந்த ஆளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு தொகைக்கு ஒப்பந்தம் போடலாம் என்பதைக் கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டும். அணி மேலாளர் சிவக்குமார் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

சென்ற ஆகஸ்டில் வடக்குத்தைச் சேர்ந்த பிரவின்குமார், வயது 21, என்பவனின் ஆட்டத்தைப் பார்த்தேன். புதுச்சேரி அணி ஒன்றுக்கு ஒரு சீசன் சம்பளத்துக்கு ஆடியவன். ஆறடி நான்கு அங்குலம். முப்பது வருடமாக ஆட்டம் பார்க்கிறேன், இப்படி ஒருவனை இந்த ஊரில் பார்த்ததில்லை. நோட்டில் அப்படியே குறித்தேன்.

அதன் பிறகு, படிவம் அனுப்பும் முன் அவன் தகப்பனார் பெரியண்ணன் என் வீட்டுக்கு வந்தார். அவர் சுரங்கத்தில் இருபத்துமூன்று வருடமாகக் காண்ட்ராக்ட் தொழிலாளி. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “நான்தான் வருசா வருசம் காண்ட்ராக்ட்ல கெடக்கறன் சார். அவனும் ரெண்டு வருசம் ஆடிட்டு நடுரோட்ல நிக்கணுமா? எங்கயாச்சும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பர்மனெண்டா ஒக்கார வைங்க சார்” என்றார். அரைக் காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்று வளர்ந்தவன்தானே நானும். அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. சென்னைக்குப் போய்விட்டால் எந்த அரசாங்க ஆள்தேர்வுக்கும் வரமாட்டான் என்று நினைத்தேன்.

ஆட்டம் மோசம் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே, இடது முழங்காலில் பழைய காயம், ஒரு சீசன் தாங்காது, ஒப்பந்தத்துக்குப் பரிந்துரை இல்லை என்று எழுதி அனுப்பினேன். அது முழுப் பொய். யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை. நல்லது செய்த நினைப்பில் மனைவியிடம் இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அதன் பிறகு ஆறு மாதம் காத்திருந்தும் எந்த ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்பிலும் கூடைப்பந்துக்கு இடமில்லை. முழங்கால் சங்கதி மற்ற அணிகளுக்கும் பரவி, அவனை ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசியில் அப்பனோடு சேர்ந்து அவனும் காண்ட்ராக்டில், ரோட்டோரமாகப் போகும் கன்வேயர் பெல்ட் அடியில் சிந்திய கரி அள்ளப் போனான். அதை நான் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி உண்மையைச் சொல்லியிருக்கலாம். இறங்கவில்லை.

இம்மாதம் 14ஆம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு நான் நெய்வேலி நகரியக் கூடைப்பந்து மைதானத்தில் இருந்தபோது, பிரவின்குமார் ஷிப்ட் முடிந்து சேஃப்டி ஷூவோடு வந்து செல்போனை நீட்டினான். சிவக்குமாரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிய என் படிவம் அதில் இருந்தது. “என் முட்டியில என்னா சார் இருக்குது? மூணு மேட்சும் பாத்துகினுதான இருந்தீங்க?” என்றான். நான் செல்போனைத் திருப்பி நீட்டினேன். “எண்ணுங்க சார்” என்று சொல்லிவிட்டு, அந்தக் கனத்த ஷூவோடு ஓடிவந்து இடது காலை மட்டும் ஊன்றி எம்பி வளையத்தைத் தொட்டான். திரும்பப் போய்த் திரும்ப வந்து தொட்டான். பதினேழு வரை எண்ணினேன். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியாமல், “போதும்ப்பா. ஒன் நல்லதுக்குத்தான் எழுதினேன். ஒங்கப்பாதான் வந்து கேட்டாரு” என்றேன். அப்பனை இழுத்தது வேண்டாத வேலை.

“எங்கப்பா பேர எடுக்காதீங்க! அவுருக்கு ஆட்டம் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்” என்று சொல்லி, இரண்டு கையாலும் என் நெஞ்சில் தள்ளினான். சிமெண்ட் தரையில் கையூன்றி விழுந்தேன். அதன் பிறகு அவனே தன் சட்டையைக் கழற்றி என் கையைக் கட்டி, ஆட்டோவில் இங்கே கொண்டுவந்து சேர்த்து, என் மகன் வெங்கடேஷ் வரும்வரை பனியனோடு வராந்தாவில் நின்றான். புகார் கொடுத்தது என் மகன்.

இன்று காலை பெரியண்ணன் வந்து, “கால் வழுக்கி வுழுந்துட்டன்னு சொல்லிடுங்க சார். கேஸாச்சுன்னா அவன எங்கியும் சேக்கமாட்டாங்க” என்று அழுதார். அவன் நல்லதுக்கென்று ஒருமுறை பொய் எழுதிப் பார்த்தாயிற்று. எனக்கு அலுத்துவிட்டது. அவன் தள்ளித்தான் விழுந்தேன். அவன்மேல் எனக்குப் புகார் இல்லை, நடவடிக்கை வேண்டாம். அவன் எனக்குச் செய்தது ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று டாக்டர் சொல்கிறார்.

ஆட்ட விவரம் வழக்குக்குத் தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். ஐயா, அவனைப் பற்றி நான் அனுப்பிய ஒரே படிவம் பொய்ப் படிவம், இதையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டதன் பேரில், என் பென்சில் நோட்டிலிருந்து பதிவு செய்யப்படுவது: மூன்று ஆட்டத்தில் 64 புள்ளி; வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்த ரீபவுண்ட் 35. கூட ஆடுகிறவன் பந்தைத் தவறவிட்டால் திட்டுவதில்லை, ஓடிப்போய்த் தானே மறிப்பான். இடது முழங்காலில் குறை இல்லை. எட்டு மணி நேரம் கரி அள்ளிய பின் சேஃப்டி ஷூவோடு பதினேழு தடவை வளையத்தைத் தொட்டான். ஆண்டுக்கு எட்டு லட்சம், இரண்டு வருட ஒப்பந்தம். அதற்குக் குறைத்துக் கேட்டால் அவன் கையெழுத்துப் போடக்கூடாது. நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று சிவக்குமாருக்கும் ஒன்று பிரவின்குமாருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டுகிறேன்.

இதை இரண்டு முறை படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் நிஜம்.

வலது கையில் மாவுக்கட்டு உள்ளதால், இடது பெருவிரல் ரேகை.
(சண்முகசுந்தரம்)