ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து

உலகத்தோர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், 'அறிவின் உச்சி' என்னும் தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியில், கடந்த பதினோரு ஆண்டுகளில், ஒரே ஒரு தவறான விடைகூடச் சரியான விடையென்று ஒளிபரப்பானதில்லை. அந்தச் சாதனைக்குச் சொந்தக்காரன் நான்.

பெயர், வயது, தொழில் என்று தொடங்கச் சொன்னீர்கள், ஐயா. அதெல்லாம் பின்னால் வரும். இப்போதைக்கு ஒன்று: இந்த அறையின் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது. என் கைக்கடிகாரத்தையும் வாசலில் நிற்கும் காவலரின் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் வேலை கேள்விகளைச் சரிபார்ப்பது. கேள்வி எழுதுகிறவர்கள் வேறு. அவர்கள் நான்கு பேர், நால்வரும் கவிஞர்கள், ஆகவே எதை வேண்டுமானாலும் எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அட்டை உண்டு. முன்பக்கம் கேள்வியும் விடையும். பின்பக்கம் இரண்டு கட்டங்கள், ஆதாரம் ஒன்று, ஆதாரம் இரண்டு. தனித்தனியான இரண்டு நூல்கள் ஒரே விடையைச் சொன்னால், இரண்டு கட்டத்திலும் பச்சை மையில் டிக் போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பேன். பச்சை டிக் இரண்டும் விழுந்துவிட்டால் அது உண்மை. அதுவரை அது வதந்தி.

அலுவலகத்தில் எனக்கு 'ஆதாரம்' என்று பட்டப்பெயர். நான் காண்டீனுக்குள் நுழைந்தால், "ஆதாரம் வர்றாரு, பேச்சை மாத்துங்கப்பா" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள் என்று இரண்டு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வீட்டிலும் அதே விதிதான். ஒருமுறை என் மனைவி தலைவலி என்று படுத்தாள். பிறகு எழுந்து வந்து, "பக்கத்து வீட்டு அக்காகிட்ட போய், எனக்கு நெஜமாவே தலைவலியான்னு கேட்டீங்களாமே" என்றாள். கேட்டேன்தான். அக்கா ஆமாம் என்று சொன்ன பிறகு, மாத்திரை வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். அதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த அட்டை வந்த நாளில் மொத்தம் இருநூற்றுப் பத்து அட்டைகள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்புகள் என்பது கேள்வி. பதினான்கு என்று கவிஞர் எழுதியிருந்தார். முதல் கட்டத்தில் பெரிய கலைக்களஞ்சியத்தின் பெயரை எழுதினேன். அது மேல்தட்டில் இருந்தது, ஏணியைப் பெயின்ட் அடிக்கிறவர் எடுத்துப் போயிருந்தார். இரண்டாம் கட்டத்தில் ஒரு விலங்கியல் நூலின் பெயரை எழுதினேன். திறந்து பார்த்தாயா என்று கேட்கிறீர்கள். என்னை நானே இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், ஐயா. காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. இரண்டு தடவையும் பதினான்கு என்றே வந்தது. அவ்வளவு நீளக் கழுத்துக்கு அது நியாயமாகவும் பட்டது. டிக் போட்டேன்.

படப்பிடிப்பன்று போட்டியாளர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு லிஃப்ட் ஆபரேட்டர். ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தோரு வருடமாக லிஃப்ட் ஓட்டுகிறவர். கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பி ஓட்டும் பழைய லிஃப்ட். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் படித்தே இவ்வளவு தெரிந்துகொண்டாராம். இதைத் தொகுப்பாளர் சொன்னபோது அரங்கத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். துடைக்கச் சொல்லி முன்பே சொல்லிவைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு கேள்விகளுக்குச் சரியாகச் சொன்னார். பதின்மூன்றாவது என் அட்டை.

"ஏழு சார்" என்றார் லிஃப்ட்காரர். "உங்களுக்கு எத்தனையோ அத்தனைதான். எனக்கும் அத்தனைதான். அதுக்கு ஒவ்வொண்ணும் ஒரு சாணுக்கு மேல நீளம், அவ்வளவுதான் வித்தியாசம்."

"உறுதியா?"

"உறுதி சார்."

எங்கள் தொகுப்பாளருக்கு அறிவுத்துறையில் பெரிய பெயர். அவருக்கு ஒட்டகச்சிவிங்கி என்பதையே மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தபடி எட்டு விநாடி மௌனம் காத்தார். பிறகு, "மன்னிச்சிடுங்க அண்ணே. பதினாலு" என்றார்.

லிஃப்ட்காரர் அவரைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு எழுந்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். ஒளிபரப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்கு மறுவாரம் நிகழ்ச்சியின் பன்னிரண்டாம் ஆண்டு விழா. பிழையே இல்லாத பதினோரு வருடம் என்று எனக்கு மேடையில் கேடயம் தருவதாக இருந்தார்கள். நன்றியுரையை எழுதி முடித்திருந்தேன். அதில் 'பிழை' என்ற சொல் ஒன்பது இடத்தில் வரும்.

நாலாம் நாள் அவர் ஒரு நூலகப் புத்தகத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குப் பரிசு வேணாம் சார். திரும்ப நாற்காலியில உக்கார வைக்கவும் வேணாம்" என்றார். "அந்த ஒரு கேள்வியை மட்டும் வெட்டிட்டுப் போடுங்க. எங்க பில்டிங்ல இருக்கற பிள்ளைங்க எல்லாம் பாக்கும். டிவியிலயே சொல்லிட்டாங்கன்னு பதினாலுன்னு மனப்பாடம் பண்ணிரும்."

"ஒரு ஆதாரம் போதாதுங்க. இங்க ரெண்டு வேணும், அதுதான் விதி."

"நல்ல விதி சார்" என்றார், மனதாரத்தான். மறுநாள் இரண்டாவது புத்தகத்தோடு வந்தார்.

நான் விதியை மீறுகிறவன் இல்லை. இரண்டு நூல்கள் சொன்னால் அட்டையைத் திருத்தியாக வேண்டும். ஆகவே இரண்டையும் பரிசீலனைக்காக வாங்கிக்கொண்டேன். வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து, சவர பிளேடால் இரண்டிலும் அந்தந்தப் பக்கத்தை நேராக அறுத்து எடுத்தேன். மனைவி எதிரில் நின்று பார்த்தாள்.

"என்ன வெட்றீங்க?"

"பிழை."

"லைப்ரரி புத்தகமாச்சே."

"அதனாலதான். நாலு பேரு படிக்கறது."

"அந்த மனுசன் சொன்னது சரியா, தப்பா?"

"இப்ப அது கேள்வி இல்ல."

"வேற எதுங்க கேள்வி?" என்றாள். கேள்வி எழுதுகிற வேலை அவளுடையது இல்லை என்பதால் பதில் சொல்லவில்லை.

லிஃப்ட்காரர் புத்தகங்களைத் திரும்ப வாங்கும்போது புரட்டிப் பார்த்தார். அறுபட்ட விளிம்பை விரலால் தடவினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பக்கம் இல்லையே சார்."

"அப்படியா."

"பரவால்ல சார்" என்றார். "எங்க ஆறாவது மாடியில கால்நடை டாக்டர் ஒருத்தரு இருக்காரு. கையெழுத்துப் போட்டு எழுதியே தர்றேன்னுட்டாரு. நாந்தான் உங்களை மேல கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன். சனிக்கிழமை மத்தியானம் வாங்க, ஆபீஸெல்லாம் மூடிருவாங்க, நிம்மதியா பேசலாம்."

நிலைமையை நீங்களே பாருங்கள், ஐயா. நூல்களில் அந்தத் தகவல் இப்போது இல்லை. இருப்பது ஒரே ஒரு மனிதரிடத்தில். எங்கள் விதிப்படி அது வதந்தி. வதந்தி எழுத்து வடிவம் பெறுவதற்கு முன்னால் கவனிப்பது என் பொறுப்பு.

சனிக்கிழமை போனேன். கம்பிக் கதவை எனக்காகத் திறந்து பிடித்தார். லிஃப்ட்டுக்குள் ஒரு முக்காலி, அதன் கீழ் நான்கைந்து புத்தகங்கள், ஒரு தண்ணீர் பாட்டில். மேலே போகும் வழியில் ஒவ்வொரு மாடியிலும் எந்த அலுவலகம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆறாவது மாடியில் மருத்துவர் இல்லை. அவசரமாக ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போய்விட்டாராம். ஆனால் கடிதத்தை எழுதி இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

"கீழ போய் வெளிச்சத்துல படிச்சுக் காட்றேன், வாங்க."

"லிஃப்ட் வேண்டாங்க. எனக்கு மூச்சு முட்டுது. படியில போவோம்."

"ஐயோ, எனக்கு முட்டி போயிருச்சு சார். முப்பத்தோரு வருசம் லிஃப்ட்லயே வாழ்ந்துட்டேன், படி எறங்கறதே மறந்துபோச்சு" என்று சிரித்தார். "சரி, உங்களுக்காக."

ஒரு கையால் கைப்பிடிச் சுவரையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலை வைத்தார். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார். அப்போதும் பேச்சை விடவில்லை.

"பெரியவங்களைப் பத்திக் கவலை இல்ல சார். பிள்ளைங்க மனசுல தப்பாப் பதிஞ்சிட்டா, அப்புறம் யாரு திருத்தறது?"

நான் திருத்தினேன்.

இருபத்திரண்டு படிகள். பிற்பாடு இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். இறங்கிப் போய் அவர் மூக்கருகே விரலை வைத்தேன், மூச்சு இருந்தது. பையிலிருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது மூச்சு இல்லை. ஒரு சோதனை போதாது என்பதால் மறுபடி பார்த்தேன். முடிவு ஒத்துப்போனது. பதினோரு நிமிடம் ஆனது. அதற்குப் பிறகுதான் கீழே இருந்த காவலாளியைக் கூப்பிட்டேன்.

உங்களிடம் நான் கொடுத்த முதல் வாக்குமூலம் அன்றைக்கே எழுதியது: முழங்கால் மடங்கித் தானாக விழுந்தார் என்று. மூன்றாம் நாள் உங்களுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. எதிர்க் கட்டடத்து ஜன்னலிலிருந்து பார்த்தேன், அவர் தானாகத்தான் விழுந்தார் என்று. அதை இடது கையால் எழுதினேன். ஒரே ஆள் சொல்வதை நீங்கள் எப்படி நம்புவீர்கள்? நானே நம்பமாட்டேனே.

அந்தப் படிக்கட்டுக்கு ஜன்னலே கிடையாது என்று பிறகு சொன்னீர்கள். அதை நான் சரிபார்த்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் என்னைத் தேடி வந்தது அதற்காக இல்லை. இரண்டு தாள்களையும் என் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தீர்கள். இரண்டின் அடியிலும் பச்சை மையில் ஒரு டிக், பக்கத்தில் என் சுருக்கொப்பம். எப்போது போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்திருப்பேன், சரியாக இருந்திருக்கும், கை தானாகப் போயிருக்கும். பதினோரு வருடப் பழக்கம்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் காட்டினீர்கள். கழுத்தெலும்புகள் ஏழில் இரண்டாவது முறிந்திருப்பதாக மருத்துவர் எழுதியிருக்கிறார். மனிதருக்கு ஏழு என்பதில் எனக்கு எப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. கால்நடை மருத்துவரும் வந்து, தான் எழுதிய கடிதத்தின் நகலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் ஒரு ஆதாரம். நான் பையிலிருந்து எடுத்து, கிழிக்காமல் வைத்திருந்தது அதே கடிதம்தான் என்பதால், அதை இரண்டாவதாக எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். நல்ல போட்டியாளர். நான் செய்தது பார்வையாளர்களுக்காக. ஒரு நிகழ்ச்சி சொல்வதை மக்கள் நம்ப வேண்டுமென்றால் அது ஒரு தடவைகூடத் தவறியிருக்கக் கூடாது. அவர் தள்ளிவிடப்பட்டார், தள்ளியது நான். அதை நான் இரண்டு தடவை சொல்லத் தயார், இரண்டு கட்டத்தையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் ஒரு விஷயம் சொன்னீர்கள். அந்தப் பதின்மூன்றாவது கேள்வியின்போது தொகுப்பாளரின் ஒட்டுமீசை ஒரு பக்கம் தொங்கியதாம். மறுபடி எடுக்க அரங்கம் கிடைக்காததால், லிஃப்ட்காரர் பங்கெடுத்த பகுதி முழுவதையும் படப்பிடிப்புக்கு மறுநாளே, அதாவது அவர் புத்தகத்தோடு என்னிடம் வருவதற்கு முன்பே, வெட்டித் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். சரிபார்ப்புப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையாம்.

ஒருவர் சொன்னால் போதாது என்றேன். இன்று ஒளிபரப்பு நாள் என்பதால் முன்னறையில் டிவியைப் போட்டுக் காட்டினீர்கள்.

முழுசாகப் பார்த்தேன். லிஃப்ட்காரர் அதில் இல்லை.