தகரம் விரியும் சத்தம்

கிடாக்கறிக் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவது எனக்குப் பிடிக்காது சார். கறியின் வாசத்தை அது அமுக்கிவிடும். மிளகையும் சீரகத்தையும் வறுத்து இடித்து, சின்ன வெங்காயத்தை அள்ளிப்போட்டு விறகடுப்பில் கொதிக்கவிட்டால் போதும். அன்றைக்கு எங்கள் சமையல்காரர் அப்படித்தான் வைத்திருந்தார். நீங்கள் அந்த நாளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், அதனால் சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

பழனிசெட்டிபட்டிக்கு வெளியே பழைய அட்டை, இரும்பு, பிளாஸ்டிக் வாங்கி விற்கிற குடோன் என்னுடையது. சுந்தரலிங்கம் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது, பழைய சாமான் லிங்கம் என்றால் தேனி முழுக்கத் தெரியும். போன வருஷம் ஒரு பெரிய மில் என்னிடம் மொத்தமாகச் சரக்கு எடுக்க முன்வந்தது. ஆனால் மறுசுழற்சிக்குப் போகிற பொருள்களைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்க முறையான அனுமதி இருந்தால்தான் எடுப்பார்களாம். அதற்கென்ன, வாங்கிவிடலாம் என்றேன்.

அந்த நிபந்தனைகளைப் படித்தபோது எனக்கு உற்சாகமாகவே இருந்தது. மேலே கூரை போடு, கீழே சிமெண்ட் தளம் போடு, தீ பிடித்தால் அணைக்க மணல் வாளி வை, வண்டி வர வழி விடு. ஒரு மனிதன் ஒழுங்காக வாழ்வதற்குச் சொன்னதுபோல இருந்தது. எல்லாவற்றையும் செய்தேன். தரையில் மஞ்சள் கோடுகூடப் போட்டேன். வாசலில் இரண்டு செம்பருத்திச் செடி வைத்தேன், அதை யாரும் கேட்கவில்லை.

பூச்சிமருந்து கேன்தான் கொஞ்சம் இடித்தது. மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டங்களில் மருந்து அடித்துவிட்டுக் காலி கேன்களைத் தள்ளிவிடுவார்கள். ஓட்டை போட்டுத் தனியாக ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம். ஓட்டை போடாமல் கழுவி எடுத்தால் தண்ணீர் கேனாக விற்கலாம். ஆண்டிபட்டிப் பக்கம் வறண்ட பூமி, தண்ணீர் பிடித்துவைக்க ஜனங்களுக்குப் பாத்திரம் வேண்டாமா சார்? அந்த கேன்களைக் கழுவியது மொக்கம்மாள்.

மொக்கம்மாள் வருசநாட்டுக்காரி. புருஷன் போனபிறகு குடோனிலேயே தங்கித் தரம் பிரித்துக்கொண்டும் காவல் பார்த்துக்கொண்டும் இருந்தாள். நல்ல கலகலப்பான பொம்பளை. அவள் சிரித்தால் அட்டை அடுக்குக்கு அந்தப் பக்கம் கேட்கும். கேன் கழுவிக் கழுவி அவள் கைத்தோல் உரிந்துபோயிருந்தது. களிம்பு வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"இந்த கேனு வேலைய விட்டுருங்க மொதலாளி. இல்லேன்னா ஆபீசரு வந்தாகன்னா, என் கையத்தான் காட்டுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அனுமதி வந்ததும் கேன் வாங்குவதை நிறுத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் நம்பினாள். அவள் எதையும் நம்புவாள், அதனால்தான் எனக்கு அவளைப் பிடிக்கும்.

அனுமதிக்காக அதிகாரிகள் பார்வையிட வருகிற அன்றைக்கே எங்கள் கருப்பசாமிக்குக் கிடா வெட்டினேன். பக்கத்துக் காட்டிலேயே சமையல், பந்தல், ரேடியோ செட். காலையில் கேன்களையெல்லாம் பின்னால் நின்ற பழைய லாரி கண்டெய்னருக்குள் தள்ளினோம். மற்ற ஆட்கள் முன்னால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கேன்களை மொக்கம்மாள் உள்ளே நின்று அடுக்கும்போது ஜீப் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். அங்கே யாரும் குடியிருக்கக்கூடாது என்பதும் ஒரு நிபந்தனை. கொஞ்ச நேரம் இங்கேயே இரு, வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன், அவர்கள் போனதும் திறந்துவிடுகிறேன் என்றேன்.

"இங்கனயே இருக்கேன், நீங்க போங்க. எனக்கு ஒரு நெஞ்செலும்பு மட்டும் எடுத்து வைங்க" என்றாள்.

எடுத்து வைத்தேன் சார். வாழையிலையில் பொதிந்து தனியாக வைத்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதிகாரி பாண்டியராஜன் தங்கமான மனிதர். மணல் வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தார். மஞ்சள் கோட்டைப் பார்த்துச் சிரித்தார். கண்டெய்னரைக் காட்டி இது என்ன என்றார். வாடகைக்கு விட்டிருக்கிறேன், சாவி பார்ட்டியிடம் இருக்கிறது என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே லேசாகத் தட்டுகிற சத்தம். அட்டையை அழுத்திக் கட்டுகிற மெஷினைப் பார்க்கிறீர்களா சார் என்று கேட்டு, எங்கள் வேலையாள் அழகுமலையை ஓட்டச் சொன்னேன். அது ஓடினால் பக்கத்தில் நின்று பேசுவதுகூடக் கேட்காது. அவருக்கு மெஷின் ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆர்டர் வந்துவிடும் என்று என் கையைக் குலுக்கினார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மொக்கம்மாக்கா எங்கன காணோம் என்று அழகுமலை கேட்டான். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

வேலைக்கு வந்த இடத்தில் கை நனைப்பதில்லை என்று அதிகாரி கிளம்பப் பார்த்தார். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா சார், வந்தவர்கள் சாப்பிடாமல் போனால் கடன் தீராது என்றேன். அவருடைய ஊரிலும் அப்படித்தானாம், மறுக்க முடியாமல் உட்கார்ந்தார். விருந்தாளி இலையில் இருக்கும்போது வீட்டுக்காரன் எழுந்துபோவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பக்கத்தில் நின்று பரிமாறினேன். நடந்தது அவ்வளவுதான். விருந்து நீண்டுபோனது, வெயில் கடுமையாக இருந்தது, மருந்து நெடி ஒத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் ஆட்கள் போனபிறகு அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். ஊரிலிருந்து திரும்பியவளுக்கு மாரடைப்பு என்றேன். செலவெல்லாம் என்னுடையது, மேளம்கூட வைத்தேன். குளிப்பாட்டும்போது அவள் மகள் அனுஷ்காதான் கையைப் பார்த்திருக்கிறாள். தோல் உரிந்தது அவளுக்குத் தெரியும். விரல் முட்டி உடைந்து வீங்கியிருந்ததுதான் அவளுக்குப் புரியவில்லை. நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

விருந்து என்றும் வெயில் என்றும் இத்தனை நேரம் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது. பாண்டியராஜன் சாரிடமும் விசாரித்திருப்பீர்கள். ரேடியோ செட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், அது என்ன சத்தம் என்று அவர் கேட்டது உண்மை. வெயிலுக்குத் தகரம் விரிகிறது சார் என்றேன். ஆமாம், எங்கள் வீட்டிலும் விரியும் என்றார்.

அவர் இரண்டு தடவை இலையை மடிக்கப் போனார். முதல் தடவை ஈரல் வைத்தேன். இரண்டாவது தடவை, ரசத்துக்கு ஒரு கை சோறாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவள் வெளியே வந்திருந்தால் யாரிடமாவது கையைக் காட்டியிருப்பாள் சார், நல்லபடியாக வந்த அனுமதி போயிருக்கும். அடுத்த பாட்டு முடிந்தது. காது கொடுத்துக் கேட்டேன், தகரம் விரியவில்லை.

அப்புறம்தான் அவருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன்.