வெளிச்சத்தம் கேட்கும் இயர்போன்

மூணாறு பஜாரில் ஒரு செல்போன் கடை. என் போனுக்குக் கண்ணாடி ஒட்டக் கொடுத்துவிட்டுக் காத்து நின்றேன். பக்கத்தில், தேயிலைக் கறை படிந்த விரல்களோடு ஒரு பெண் கடைக்காரரிடம் இயர்போன் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வெளிச்சத்தம் நல்லாக் கேக்குற மாதிரி ஒண்ணு குடு தம்பி.”

“கேக்காததுதான்க்கா நல்லது. இதப் பாருங்க, இந்த ரப்பர் காத அப்படியே அடைச்சிரும். பாட்டத் தவிர ஒண்ணும் கேக்காது. வெலயும் கம்மி.”

“இதேதான் போன வருசம் என் தங்கச்சிக்கு வாங்கிக் குடுத்தேன்.”

“பெறகென்ன? இதையே எடுங்க.”

“தேயிலக் காட்டுல கொழுந்தெடுக்கும்போது ரெண்டு காதுலயும் மாட்டியிருந்தா. பின்னாடி யான வந்துச்சு. நாங்க மேல இருந்து தொண்ட கிழியக் கத்துனோம். அவ பாட்டுக் கேட்டுக்கிட்டே நின்னா.”

கடைக்காரர் அந்தப் பெட்டியை உள்ளே வைத்தார். ரப்பர் இல்லாத பழைய மாதிரி ஒன்றைத் தேடி எடுத்தார்.

“இதுல பாட்டு சுமாராத்தான் கேக்கும்க்கா. உங்களுக்கா?”

“அவ மகளுக்கு. ஆத்தா வேலைய எஸ்டேட்டுல மகளுக்குப் போட்டுக் குடுத்திருக்காக. வேணாம்னா அவுக குடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணணும்ல. நாளையில இருந்து அதே காட்டுக்குத்தான் போறா.”