கடைசித் துளை

பாய்க்குத் தகுந்த பூம் எடுப்பது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. எவ்வளவு நீளம் வேண்டும் என்று, கடலில் பலகை மேல் நின்று காற்றில் ஓட்டுகிற விண்ட்சர்ஃபிங் பாயின் மேலேயே அச்சடித்திருக்கும். பூம் என்பது பாயைச் சுற்றி வளைந்து வருகிற கைப்பிடிக் குழாய். அதன் வாலை இழுத்துத் துளையில் மாட்டினால் நீளும். வேண்டிய நீளம் நடுத்துளைகளில் வருகிற பூமைத்தான் எடுக்க வேண்டும். சின்ன பூமைக் கடைசித் துளை வரை இழுத்தாலும் எட்டும். ஆனால் எட்டுவது வேறு, தாங்குவது வேறு. கடற்கரையில் பலகையும் பாயும் வாடகைக்கு விடுகிற என் கொட்டகையில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

என் தங்கை கணவரைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். அம்மா படுத்த படுக்கையான பிறகு இருவரும் எங்களோடு வந்து தங்கினார்கள். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் தங்கைதான். நான் வேலை முடிந்து வந்தால் சாப்பாடு மூடி வைத்திருக்கும். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

அவருக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. சாப்பிடும்போதுதான் சொன்னார்.

"அடுத்த மாசம் நாங்க கிளம்புறோம் மச்சான். அவளும் ஓஞ்சு போயிட்டா. இனிமே அத்தைய நீங்கதான் பாத்துக்கணும்."

தங்கை தலை நிமிரவில்லை. உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். தங்கை எழுந்திருக்காததால் நான் போனேன். அந்த ஒரு தடவை படுக்கைத் துணியை மாற்றியதிலேயே எனக்கு இடுப்பு விட்டுப் போயிற்று. இனி தினமும் இதுதான் என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கொட்டகைக்கு வந்தார். ஊரை விட்டுப் போவதற்குள் ஒரு தடவை ஆசை தீரக் கடலில் போய்வர வேண்டுமாம். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தது. பாய் போனால் திரும்ப முடியாத காற்று. அதனால் வேறு யாரும் வரவில்லை. அவர் பெரிய பாயாக எடுத்துக்கொண்டார்.

"பூம் பூம்னு எத்தன தடவ பாடம் எடுத்தீங்க, ஒண்ணும் மண்டைல ஏறல. நீங்களே ஒண்ணு குடுங்க."

சின்னதை எடுத்து, வாலைக் கடைசித் துளை வரை இழுத்து மாட்டிக் கொடுத்தேன். அந்தத் துளையோரம் மயிரிழை விரிசல் இருந்தது. யாரும் எடுத்துவிடக் கூடாதென்று அந்தப் பூமை ஒதுக்கி வைத்திருந்தவனே நான்தான்.

"சரியா இருக்குமா மச்சான்?"

"அதான் எட்டுதே மாப்ள."

வெகுதூரம் போன பிறகு ஒடிந்தது. சத்தம் கேட்கவில்லை, பாய் மட்டும் சாய்ந்தது. பலகை மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். மீட்புப் படகின் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. நான் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உடம்பு அவ்வளவு அலுத்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்தவரை அவர் கையை இறக்கவே இல்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். தங்கை இப்போது எங்கும் போவதாக இல்லை. அழுதுகொண்டே அம்மாவைத் துடைக்கிறாள். இந்த வயதில் இப்படி ஒண்டியாகிவிட்டாளே என்று நினைத்தால் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. விசாரணையைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. அவளுக்கு இனி ஆறுதலுக்கென்று இருப்பது நான் ஒருவன்தான்.